வாக்கு எண்ணாத நாள்களைக் காட்டாத செயலி

அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வை மாநிலம் மாநிலமாகப் பின்தொடர்வதற்கென்றே விற்கப்படும் ஒரு கைப்பேசிச் செயலிக்கு 2023 டிசம்பரில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். அயோவா காகஸ் (கட்சியினர் கூடி வாக்களிக்கும் கூட்டம்) தொடங்கிக் கட்சி மாநாடுகள் முடியும் வரை அதை ஏறத்தாழ நாள்தோறும் திறந்து பார்த்திருக்கிறேன் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் செயலியின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன்.

செயலியில் முக்கியமாக மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, கவுண்டி எனப்படும் மாநில உட்பிரிவு வரை இறங்கிப் பார்க்கக்கூடிய முடிவு வரைபடம். இரண்டாவது, கட்சி மாநாட்டில் வாக்களித்து அதிபர் வேட்பாளரை முடிவுசெய்யும் பிரதிநிதிகளில் எந்த வேட்பாளர் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறார் என்று காட்டும் எண்ணிக்கைப் பலகை. மூன்றாவது, 1972 முதலான பிரைமரிகளில் (கட்சி வேட்பாளரைத் தேர்வதற்கான மாநில அளவிலான வாக்குப்பதிவுகளில்) ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, திரையின் அடியில் உள்ள தேதிப் பட்டையை விரலால் நகர்த்தி, போட்டி எப்படி உருமாறியது என்று ஓட்டிப் பார்க்கும் வசதி. இலவசப் பதிப்பில் வரைபடம் மட்டுமே கிடைக்கும். நான் பணம் கட்டியது மூன்றாவதற்காகத்தான்.

வரைபடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஜனவரி 15 அன்று நடந்த குடியரசுக் கட்சிப் போட்டியில் அயோவாவின் 99 கவுண்டிகளில் 98 டொனால்டு டிரம்புக்குச் சென்றன. மிஞ்சிய ஜான்சன் கவுண்டியை நிக்கி ஹேலி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். அந்த ஒற்றைக் கட்டம் மட்டும் நிறம் மாறி நின்றதும், அதைத் தொட்டவுடன் இருவரின் வாக்குகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்ததும் பார்க்கவே இதமாக இருந்தன. எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரின் டிக்ஸ்வில் நாட்ச் என்னும் சிற்றூரில் நள்ளிரவில் பதிவான ஆறு வாக்குகளும் ஹேலிக்கே விழுந்தபோது, ஏதோ மாநிலமே கவிழ்ந்துவிட்டதுபோல் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு அனுப்பியதைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று மாநிலம் முழுவதற்குமான கணக்கில் டிரம்ப் 54 விழுக்காடும் ஹேலி 43 விழுக்காடும் பெற்றனர்.

என் மனக்குறை எண்ணிக்கைப் பலகையில்தான் தொடங்குகிறது. பலகையின் கூட்டல் கழித்தலில் பிழை கண்டதில்லை. ஆயினும் 2020 ஜனநாயகக் கட்சிப் போட்டியை எடுத்துக்கொண்டால், மாநில முடிவுகளின்படி ஒதுக்கப்படும் பிரதிநிதிகள் 3,979 பேர், பெரும்பான்மைக்குத் தேவை 1,991 பேர். முதல் நான்கு மாநிலங்களான அயோவா 41, நியூ ஹாம்ப்ஷயர் 24, நெவாடா 36, தென் கரோலினா 54 என அனைத்தையும் கூட்டினாலும் 155தான். நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. செயலி எல்லாப் பட்டைகளையும் இறுதி இலக்கின் அளவுகோலில் வரைவதால், பிப்ரவரி மாதம் முழுவதும் வேட்பாளர்களின் பட்டைகள் தீக்குச்சித் தலை அளவுக்கே தெரிகின்றன. அரசியலறியாத ஒருவர் அதைப் பார்த்தால், இந்த நான்கு மாநிலங்களுக்காக வேட்பாளர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் பனியில் அலைகிறார்கள் என்றுதான் கேட்பார்.

அப்படி எண்ணிய வேட்பாளர்களும் உண்டு. 2008-இல் குடியரசுக் கட்சியின் ரூடி ஜூலியானி தொடக்க மாநிலங்களைப் பெரும்பாலும் கைகழுவிவிட்டு, பிரதிநிதிகள் அதிகமுள்ள புளோரிடாவுக்காகக் காத்திருந்தார். ஜனவரி 29 அன்று புளோரிடா வாக்களித்தபோது அவர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார், மறுநாள் விலகினார். 2020-இல் மைக்கேல் புளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களிலும் போட்டியிடாமல், பெருஞ்செலவில், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் டியூஸ்டேயில் (மார்ச் 3) நேரடியாக இறங்கினார். அவர் வென்றது அமெரிக்க சமோவா என்ற ஒரே ஆட்சிப்பகுதியை மட்டுமே. இருவரும் இந்தச் செயலியின் எண்ணிக்கைப் பலகையைப் போலவே சிந்தித்தார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இனி, நான் பணம் கட்டிய அந்த மூன்றாவது பகுதிக்கு வருகிறேன். தேதிப் பட்டையை 2020 பிப்ரவரி 11-இல், அதாவது நியூ ஹாம்ப்ஷயர் முடிந்த இரவில், நிறுத்திப் பாருங்கள். அதுவரை சேர்ந்த பிரதிநிதிகள்: பீட் புட்டிஜெஜ் 23, பெர்னி சாண்டர்ஸ் 21, எலிசபெத் வாரன் 8, ஏமி குளோபுச்சர் 7, ஜோ பைடன் 6. அயோவாவில் நான்காம் இடம் பெற்ற பைடன், நியூ ஹாம்ப்ஷயரில் 8.4 விழுக்காட்டுடன் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். ஜனநாயகக் கட்சி விதிப்படி 15 விழுக்காட்டைத் தொடாதவருக்குப் பங்கு கிடையாது என்பதால் அங்கே அவருக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை. பலகையில் முதலிடத்தில் இருந்தவர் பத்தொன்பதே நாளில் போட்டியிலிருந்து விலகினார், கடைசியில் இருந்தவர் வேட்பாளரானார். இதை விளக்குவதற்குத்தானே இப்படியொரு வசதி வேண்டும்?

பட்டையை மேலும் நகர்த்தினேன். பிப்ரவரி 22, நெவாடா: சாண்டர்ஸ் பெருவெற்றி, பைடன் இரண்டாமிடம். பிப்ரவரி 29, தென் கரோலினா: பைடன் 48.6 விழுக்காடு. அடுத்து விரலை நகர்த்தியதும் பட்டை மார்ச் 3-க்குத் தாவிவிட்டது. பழுதோ என்று நினைத்து நான்கைந்து முறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். பழுதில்லை, அமைப்பே அப்படித்தான். வாக்கு எண்ணப்பட்ட நாள்களில் மட்டுமே பட்டை நிற்கும். எனவே புட்டிஜெஜ் விலகிய மார்ச் 1-உம், குளோபுச்சர் விலகி இருவருமே டல்லாஸில் பைடனை ஆதரித்த மார்ச் 2-உம் இந்தச் செயலியின் நாட்காட்டியிலேயே இல்லை. தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளரிடையே பெருமதிப்புக் கொண்ட காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தெரிவித்த பிப்ரவரி 26-உம் இல்லை. விளைவாக, மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10-ஐ பைடன் வென்றது ஏதோ மாயம்போலத் திரையில் தோன்றுகிறது. குளோபுச்சரின் சொந்த மாநிலமான மின்னசோட்டாவையும், வாரனின் மாசசூசெட்ஸையும் அவர் எப்படிப் பிடித்தார் என்று அந்தத் திரையிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது.

தொடக்க மாநிலங்கள் பிரதிநிதிகளை வழங்குவதைவிட, களத்தில் யார் மிஞ்சுவது என்பதைத் தீர்மானிப்பதே அவற்றின் முதன்மையான பணி. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் வாக்குப்பதிவு நாளில் வெளிப்படாமல், அதற்கடுத்த இரண்டு மூன்று நாள்களில், நன்கொடை வற்றிய வேட்பாளர் ஒருவர் ஒலிபெருக்கி முன் நிற்கும்போது வெளிப்படுகிறது. 2004-இல் ஜான் கெர்ரி வென்ற அயோவாவில் 11 விழுக்காடு மட்டும் பெற்ற டிக் கெப்ஹார்ட் மறுநாளே விலகினார். 2024-இல் அயோவாவில் இரண்டாமிடம் பெற்ற ரான் டிசாண்டிஸ், நியூ ஹாம்ப்ஷயருக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 21 அன்று விலகி டிரம்பை ஆதரித்தார். தேதிப் பட்டையோ ஜனவரி 15-லிருந்து 23-க்குத் தாவுகிறது. டிசாண்டிஸ் பெற்றிருந்த 9 பிரதிநிதிகள் மட்டும் பலகையில் ஆளில்லாத வீட்டின் விளக்குப்போல எரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பெருங்குறை, வெற்றியாளர் பெயரருகே செயலி இடும் பச்சை டிக் குறி. 1972-இல் நியூ ஹாம்ப்ஷயரில் எட்மண்ட் மஸ்கி 46 விழுக்காடும் ஜார்ஜ் மெக்கவர்ன் 37 விழுக்காடும் பெற்றனர். டிக் மஸ்கிக்கு. ஆனால் பக்கத்து மாநிலமான மெயினின் செனட்டரான அவர் பாதிக்கு மேல் அள்ளுவார் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்ததால் அந்த வெற்றி தோல்வியாகவே படிக்கப்பட்டது, இறுதியில் வேட்பாளரானவர் மெக்கவர்ன். 1992-இல் அதே மாநிலத்தில் 33 விழுக்காடு பெற்ற பால் சாங்கஸுக்கு டிக், அவரும் பக்கத்து மாநிலத்துக்காரர்தான். 25 விழுக்காட்டுடன் இரண்டாமிடம் வந்த பில் கிளிண்டனோ, சர்ச்சைகளால் மூழ்கிவிடுவார் என்று கருதப்பட்ட நிலையில் தப்பியதால், மீண்டெழுந்தவராக மேடையேறினார். 1976 அயோவாவைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஜிம்மி கார்ட்டரின் அரசியல் வாழ்வைத் தூக்கி நிறுத்திய அந்தக் காகஸில் 37 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது ‘யாருக்கும் உறுதியளிக்காதோர்’ என்ற வரிசை. கார்ட்டர் 28 விழுக்காடு. செயலி கடமை தவறாமல் அந்தப் பெயரில்லாத வரிசைக்கே டிக் இட்டிருக்கிறது. கணக்குச் சரிதான், கதைதான் அங்கே இல்லை. எதிர்பார்ப்பு எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று பக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டிருந்தால்கூடப் போதும், அன்றைய கருத்துக்கணிப்புகள் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கவே செய்கின்றன.

இதைவிடவும் என்னை உறுத்தியது, பின்னாளில் தெரிய வந்ததை அன்றே தெரிந்ததுபோல் காட்டும் பழக்கம். 2012 ஜனவரி 3 இரவில் அயோவாவில் மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் ரிக் சான்டோரம் 34 வாக்குகள் முன்னிலையில் இருந்தது உறுதியானது. அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரையும் வென்றிருந்த ராம்னி, இரண்டையும் சேர்த்து வென்றவர் என்ற பெயரோடு உலவிவந்தார். செயலியிலோ ஜனவரி 3 அன்றே சான்டோரம் பெயரருகே டிக் இருக்கிறது. 2020 பிப்ரவரி 3-ஐயும் இப்படியே துடைத்து மெழுகியிருக்கிறார்கள். அன்றிரவு கட்சியின் சொந்த முடிவு-அனுப்பும் செயலி செயலிழந்து, யார் வென்றார் என்று சொல்ல முடியாமல் வேட்பாளர்கள் அனைவரும் நியூ ஹாம்ப்ஷயருக்கு விமானம் ஏறினார்கள். பின்னர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெற்றியாளரை அறிவிக்கவே மறுத்தது. புட்டிஜெஜ் 14, சாண்டர்ஸ் 12 என்ற முடிவு நிலைப்பட்டபோது, வெற்றிக் களிப்பை அறுவடை செய்ய வேண்டிய இரவு கைவிட்டுப் போயிருந்தது. ஒரு செயலியின் கோளாறு ஒருவரின் வாய்ப்பையே கரைத்த இரவை இன்னொரு செயலி இப்படி மறைப்பது சற்று வேடிக்கையானதும்கூட.

பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. எண்ணிக்கைப் பலகையில் ஒவ்வொரு எண்ணின் அருகிலும் ‘எப்படி வந்தது?’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, இந்தச் செயலியில் உண்மையிலேயே உழைத்துச் செய்த பகுதி அதுதான். 2016 தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்குகளைக் கொண்டு டிரம்ப் எப்படி 50 பிரதிநிதிகளையும் வாரிக்கொண்டார், 2008 நெவாடாவில் ஹிலாரி கிளிண்டன் முன்னிலை பெற்றும் பராக் ஒபாமா எப்படி 13-க்கு 12 என்று பிரதிநிதிகளில் முந்தினார் என்பவற்றை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து விளக்குகிறது. இரு கட்சிகளின் விதிகளும் வேறு, மாநிலத்துக்கு மாநிலம் அவை மாறும் என்பது இங்கேதான் எனக்கு நன்கு விளங்கியது. அதே ஒபாமாவின் அயோவா வெற்றி, பெரும்பான்மை வெள்ளையர் வாழும் மாநிலத்திலேயே அவரால் வெல்ல முடியும் என்று தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களை நம்பவைத்து அங்கே 55 விழுக்காட்டை ஈட்டித் தந்தது. அதை மட்டும் எந்தப் பொத்தானை அழுத்தியும் பெற முடியவில்லை.

சிறு குறைகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். வெற்றி வாய்ப்பைக் காட்டும் முள் ஒவ்வொரு மாநிலத்துக்குப் பிறகும் பேயாட்டம் ஆடுகிறது, அதை அணைத்து வைப்பதே நல்லது. 2024-இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தபோதும், தன் சட்டப்படி முந்திக்கொண்ட நியூ ஹாம்ப்ஷயரில் பைடனின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. வாக்காளர்கள் கையால் எழுதிப் போட்டே அவரை வெல்லவைத்தார்கள். அந்த வாக்குகளைச் செயலி ‘பிற’ என்ற வரியில் நெடுநேரம் அடைத்து வைத்திருந்தது.

தேதிப் பட்டை குறித்து வாடிக்கையாளர் பிரிவுக்கு விரிவாக எழுதினேன். ஒன்பது நாள் கழித்து, தாங்கள் வாக்கு முடிவுகளைத் தரும் சேவை மட்டுமே என்றும், விலகல் அறிவிப்புகள் செய்தி வகையைச் சேர்ந்தவை என்றும் கண்ணியமான ஒரு பதில் வந்தது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. விதிகளைக் கற்க விரும்புபவர், ஆசிரியர்கள், புள்ளிவிவரப் பிரியர்கள் ஆகியோர் தேர்தல் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா கட்டினால் பணம் வீணாகாது. மறுஓட்ட வசதிக்காக மட்டும் வாங்க நினைப்பவர், விலகல் தேதிகளை ஒரு தாளில் தாமே எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். நான் அப்படித்தான் பார்த்தேன்.