அழித்த பக்கத்தைத் தேடி: வேபேக் மெஷினுடன் 11 ஆண்டுகள்

ஓர் அரசுத் துறையின் அறிக்கையைக் காலையில் படித்தேன். மாலையில் மேற்கோள் காட்டுவதற்காக மறுபடி திறந்தபோது ஒரு வாக்கியத்தில் "உடனடியாக" என்ற சொல்லைக் காணவில்லை. கட்டுரையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது. "நான் என் கண்ணால் படித்தேன்" என்றேன். "உங்கள் கண்ணை அச்சில் போட முடியாது" என்றார் ஆசிரியர். பத்தி போயிற்று.

அதன் பிறகுதான் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேகரித்துவரும் இந்தக் காப்பகம், 2001இல் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்கு முன்பும் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறேன், பழைய ஆல்பத்தைப் புரட்டுவதுபோல. தொழிற்கருவியாகக் கையில் எடுத்தது அன்றுதான்.

இப்போதைய பழக்கம் இது: அரசியல் சார்ந்த எந்தப் பக்கத்தையும் முதலில் சேமிப்பேன், பிறகுதான் படிப்பேன். முகவரியைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உறுப்பினராக உள்நுழைந்திருந்தால் அந்தப் பக்கத்திலுள்ள சுட்டிகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஆகாதா என்று இளைய நிருபர்கள் கேட்பதுண்டு. என் கணினியில் இருக்கும் படத்தை நானே மாற்றியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் என்ன பதில் இருக்கிறது? மூன்றாமவர் வைத்திருக்கும் நகலுக்குத்தான் சாட்சிக்குரிய எடை உண்டு. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனில் எம்.எச்.17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் வீழ்ந்து 298 பேர் இறந்த அன்று, ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சித் தளபதி ஸ்ட்ரெல்கோவ் பெயரில் இயங்கிய ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் ராணுவ விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதாகப் பதிவு வந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. அதற்குள் வேபேக்கில் நகல் ஏறிவிட்டிருந்தது.

நகலின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. இது உலகப் பொது நேரம் (UTC), நம் ஊர் நேரமல்ல. இதைக் கவனிக்காமல் ஒரு முறை தேதியையே ஒரு நாள் முன்னதாக எழுதி, மறுநாள் என் பெயரிலேயே திருத்தம் வெளியிட்டேன். அதைவிட நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. அந்த எண், பக்கம் சேமிக்கப்பட்ட நேரத்தைத்தான் சொல்கிறது. எழுதப்பட்ட நேரம் வேறாக இருக்கலாம். பக்கத்தின் உரை ஒரு நாளில் எடுத்ததாகவும் அதிலுள்ள படம் சில மாதங்கள் கழித்து எடுத்ததாகவும்கூட இருக்கும். இரண்டையும் ஒட்டவைத்துத்தான் நமக்குக் காட்டுகிறது. வேட்பாளர் ஒருவரின் பக்கத்தில் தேர்தலுக்கு முந்தைய உரையும் பதவியேற்புப் படமும் சேர்ந்து நின்றால் அதை வைத்து ஒரு கட்டுரையே தவறாக எழுதிவிடலாம். நகலின் மேற்பட்டையில் அதன் விவரத்தைத் திறந்தால் ஒவ்வொரு துண்டின் நேர வேறுபாடும் தெரியும். திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

நகல் எடுத்த நாள்களைக் காட்டும் வேபேக்கின் நாள்காட்டியில் நீலப் புள்ளி என்றால் நகல் சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள். பச்சை, வேறு முகவரிக்குத் திருப்பி விடப்பட்டது. ஆரஞ்சும் சிவப்பும் பிழைகள். இரண்டு நகல்களை அருகருகே வைத்து, மாறிய இடங்களை வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் இருக்கிறது. நான் அதிகம் நேசிப்பது அதைத்தான்.

நகல் இல்லை என்பதால் பக்கமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பவை காப்பகத்தின் கைக்கு எட்டாது. நிரல்களால் இயங்கும் பக்கங்கள் பலவும் வெற்றுச் சட்டமாகத்தான் விழும். தள உரிமையாளர் கேட்டால் நகல்கள் மறைக்கப்படவும் செய்யலாம். 2013இல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி தன் தளத்திலிருந்து சுமார் பத்தாண்டுக்கால உரைகளை நீக்கியது. தேடல் எந்திரங்களைத் தடுக்கும் ரோபாட்ஸ் கோப்பிலும் மாற்றம் செய்ததால் வேபேக்கில் இருந்த பழைய நகல்களும் மறைந்தன. அந்தக் கோப்புக்கு இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுப்படுவதைக் கைவிடும் போக்கைக் காப்பகம் 2017இல் அறிவித்தது. தாமதமான முடிவு என்பதே என் எண்ணம்.

இதே காப்பகம் நூல்களை இணையத்தில் இரவலும் தரும்; அந்த விஷயம்தான் எனக்குக் கசப்பு. ஸ்கேன் செய்த நூலை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, மேற்கோளின் பக்க எண்ணைச் சரிபார்த்துத் திருப்பிவிடுவது பெரிய வசதியாக இருந்தது. நான்கு பெரிய பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் 2023இலும், மேல்முறையீட்டில் 2024இலும் காப்பகம் தோற்றது. சுமார் 5 லட்சம் நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. புத்தகத்தால் பிழைப்பவர்களின் வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு வரியைச் சரிபார்க்க மட்டுமே தேடுகிற நூலை வேறு எங்கே பார்ப்பது? பெரும்பாலும் நூலகத்துக்குத்தான் நடக்கிறேன்; அரை நாள் போகிறது.

2024 அக்டோபரில் காப்பகம் தாக்கப்பட்டு 3.1 கோடி பயனர்களின் கணக்கு விவரங்கள் கசிந்தன. சேவை நாள்கணக்கில் முடங்கியது. திரும்பி வந்தபோதும் முதலில் பார்க்க மட்டுமே முடிந்தது, புதிதாகச் சேமிக்க வழியில்லை. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்திருந்த பதற்றம் அன்று வந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் பி.டி.எஃப். நகல் ஒன்று என் வன்தட்டிலும் இருக்கிறது.

போன மாதம் என் தொடக்கக்காலக் கட்டுரைகளைத் தேடினேன். அவற்றை வெளியிட்ட இதழ் எப்போதோ மூடப்பட்டுவிட்டது, தளமும் இல்லை. வேபேக்கில் கிடைத்தது. ஆனால் திரை முழுக்க கிறுக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் புழங்கிய திஸ்கி குறியாக்கம்! உரையை வெட்டி எடுத்து, யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்ட பிறகு தமிழ் எழுந்து வந்தது. மூன்றாம் பத்தியில் ஓர் ஒற்றுப்பிழை. அதை யாரும் திருத்தவில்லை.