வால்நட் பெட்டிக்கு ஈட்டிமரப் பாலிஷ்: என் ஸ்பீக்கருக்கு நடந்தது

பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்கள், பெட்டியின் மரம் மங்கிவிட்டது, பாலிஷ் போடக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என்னிடம் இருந்த ஜோடியில் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டேன். மற்றது தப்பியது தற்செயலாகத்தான்.

பாஸ்டனில் படிக்கப் போன பெரியப்பா 1971-இல் வாங்கிய ஏஆர்-3ஏ ஜோடி அது. மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967 முதல் செய்த மாடல். ஒன்று 250 டாலர். மாணவராக இருந்தவர் எப்படிச் சேர்த்து வாங்கினாரோ, சென்னைக்குத் திரும்பியபோது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு பெட்டி 24 கிலோ. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் அடிக்குரலை அதில் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பெரியப்பா போன பிறகு என்னிடம் வந்தது.

ஐம்பது வருடத்தில் மேல்பாகம் வெளிறி, பூந்தொட்டி வைத்த கறுப்பு வளையம் ஒன்று விழுந்திருந்தது. மற்றபடி மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பவர் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, நகருக்குள்ளேயே ஒரு பட்டறைக்காரரை வரவழைத்தேன். வந்தார், விரலால் தடவினார், "சார், இது ஈட்டி. அசல் ஈட்டிமரம். இதுக்குன்னு தனி பாலிஷ் இருக்கு" என்றார். ஜோடிக்கு 22,000 ரூபாய், பாதி முன்பணம். ஈட்டி என்று அவர் சொன்னதும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமையில்தான் ஏமாந்தேன்.

அது ஈட்டியே அல்ல, வால்நட். கட்டை வால்நட்டும் அல்ல. பார்ட்டிகிள் போர்டின், அதாவது மரத்தூள் பலகையின், மேல் ஒட்டிய வால்நட் வினீர், தாள் போல மெல்லியதாகச் சீவிய மரம். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அந்தக் கால அமெரிக்க ஸ்பீக்கர்களில் மிகப் பரவலாக இருந்தது இதுதான்: வால்நட் வினீர், அதன்மேல் எண்ணெய் மட்டும் தேய்த்த மெருகு. வார்னிஷ் கிடையாது. பிரிட்டிஷ் பெட்டிகள் என்றால் தேக்கு வினீர் நிறையப் பார்க்கலாம்.

மரத்தைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெயில் படாத அசல் நிறம் அங்கேதான் இருக்கும். வெளிச்சம் பட்டால் வால்நட் வெளிறும். செர்ரி மரமோ நேர்மாறாகக் கறுக்கும். என் பெட்டியின் மேல்பக்கம் டீ நிறத்தில் வெளிறி, அடிப்பக்கம் சாக்லேட் நிறத்தில் இருந்ததே போதுமான சாட்சி. ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மரத்தின் நுண்துளைகள் பென்சிலால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரியும். வால்நட்டில் அவை சீராகப் பரவி இருக்கும். தேக்கு பொன்பழுப்பாக, தொட்டால் லேசாக எண்ணெய்ப் பசையோடு இருக்கும். ஈட்டியில் ஊதாவும் கறுப்புமாக வரிகள் ஓடும். இந்த வரி ஒன்றுகூட என் பெட்டியில் இல்லை. எனக்கு அன்று பார்க்கத் தெரியவில்லை, அவருக்கோ தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து முதல் பெட்டி வந்தது. ஓட்டல் வரவேற்பு மேஜை மாதிரி பளபளவென்று, கருஞ்சிவப்பு நிறத்தில். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் என்னவோ உறுத்தியது. மறுநாள் காலை ஜன்னல் வெயிலில் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். மேல் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மரவரியே இல்லை. வரி வந்து வந்து அந்த இடத்தில் சட்டென்று நின்றது. அதற்கப்புறம் தூரிகையால் இழுத்த கோடுகள். நகத்தால் சுரண்டினேன், மெருகுக்கு அடியில் மரத்தூள் பலகை. மெஷின் வைத்துத் தேய்த்திருக்கிறார், ஓரத்தில் வினீர் அறுந்து போயிருக்கிறது, அதை மறைக்கத்தான் ஈட்டி நிறச் சாயமும் மேலே மெலமைன் பாலிஷும். "இது ஈட்டி" என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அடர்ந்த சாயம் அடித்தால் எந்தத் தப்பும் தெரியாது.

பின்பக்கம் ஒட்டியிருந்த தாள் லேபிள், மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருந்தது, அதையும் சுரண்டி எடுத்துவிட்டார். முன்னால் இருந்த வெளிர்நிற லினன் துணி போய்க் கறுப்பு நைலான் வந்திருந்தது. பழைய துணியைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டாராம். பெரியப்பா தன் கையால் தூசி தட்டிய துணி அது.

அப்புறம் பாட்டைப் போட்டேன். மிருதங்கத்தில் தொப்பி, அதாவது இடப்பக்கத்து அடிநாதம், விழவே இல்லை. வலப்பக்கத்து வலந்தலை மட்டும் டக் டக் என்கிறது. இந்த ஸ்பீக்கர் காற்றுப் புகாத மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றுதான், அடிநாதம் தரும் 12 அங்குல ஊஃபருக்கு ஸ்பிரிங் மாதிரி. ஊஃபரை நாலு விரலால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்திவிட்டால் அது மெதுவாக நகர்ந்து தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். என் பெட்டியில் விட்ட உடனே குதித்து வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், ஊஃபரின் விளிம்பைச் சுற்றிக் கம்பெனியில் வைத்திருந்த காயாத சாந்தை வழித்துப் போட்டுவிட்டு வெறும் திருகாணியால் முடுக்கியிருக்கிறார். உள்ளே பஞ்சின் மேல் மரத்தூள். பெட்டியும் ஸ்பீக்கரின் ஒரு பாகம் என்பதே தெரியாதவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அன்றே ஆட்டோ எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது பெட்டியைத் தூக்கி வந்தேன். நல்லவேளை, அதில் இன்னும் கை வைக்கவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை. "நீங்கதானே சார் புதுசு மாதிரி வேணும்னீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் எழுதி வாங்கவும் இல்லை.

இரண்டாவது பெட்டியை நானே செய்தேன். முதலில் ஊஃபரையும், கீச்சொலி தரும் ட்வீட்டரையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினேன். ஸ்டீல் வுல் பக்கமே போகவில்லை, அதன் இரும்புத் துகள்களைக் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே இருப்பது என்ன மெருகு என்று கண்டுபிடிக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி போதும்: மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர், இரண்டுக்கும் அசையாமல் அழுக்கு மட்டும் வந்தால் பெரும்பாலும் எண்ணெய். என்னுடையதில் அழுக்குதான் வந்தது. டர்பன்டைன் நனைத்த பழைய வேட்டித் துணியால் மரவரி ஓடும் திசையிலேயே துடைத்தேன், துணி கறுப்பாகிக்கொண்டே போயிற்று. பூந்தொட்டி வளையத்தை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிட்டது (கையுறை கட்டாயம், பிறகு தண்ணீரில் நன்றாகத் துடைக்க வேண்டும்). ஒரு நாள் காயவிட்டு, டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை மெல்லத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்தேன். இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை. உப்புத்தாள் படவே இல்லை. ஒரு விஷயம்: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வினீர் என்பதையும், மெஷின் வைக்கக் கூடாது, சாயம் கூடாது, லேபிளையும் துணியையும் தொடக் கூடாது என்பதையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாப் பக்கமும், முக்கியமாக லேபிளையும் ஓரங்களையும், வெயிலில் வைத்துப் படம் எடுங்கள். பெட்டியில் இருக்கும் ஊஃபரையும் ட்வீட்டரையும் கழற்ற விடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

முதல் பெட்டிக்குப் புதிய சாந்து வைத்து முடுக்கியதும் தொப்பி திரும்பி வந்துவிட்டது. மரம்தான் வராது. மேலே வால்நட் வினீர் புதிதாக ஒட்டலாம் என்கிறார்கள். பொருத்தமான தாள் கிடைக்கும்வரை அதை அப்படியே, அந்தக் கருஞ்சிவப்புப் பளபளப்போடுதான் வைத்திருக்கிறேன்.