கல்யாண போட்டோ: மெமரி கார்டு யார் கையில் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

தை முகூர்த்தத்துக்கு இப்போதே போட்டோகிராபர் பேசிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கையின் கல்யாணம் போன வருஷம் ஆவணியில் திருச்சியில் நடந்தது. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய்க்கு ஒரு ஸ்டூடியோவைப் பேசினோம். அதில் 1,10,000 கொடுத்தாகிவிட்டது. பதிலுக்குக் கிடைத்தவை ஒரு நிமிட டீசர், பாதிப் படங்கள், தப்பும் தவறுமாக ஒரு ஆல்பம், கூடவே ஒரு நுகர்வோர் வழக்கு. வழக்கு நடப்பதால் ஸ்டூடியோ பெயரைப் போடவில்லை. போட்டாலும் அந்த ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள். இந்தத் தொழில் இப்போது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற இடங்களிலும் உஷாராக இருக்கலாம்.

விசாரிக்காமல் கொடுக்கவில்லை. இன்ஸ்டாகிராம் பக்கம் பார்த்து, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, நேரிலும் போனோம். காம்ப்ளெக்ஸ் மாடியில் ஏசி போட்ட ஆபீஸ். மேஜையில் 12க்கு 36 சைஸ் சாம்பிள் ஆல்பங்கள். உரிமையாளர் நன்றாகப் பேசினார். "கேண்டிட் மட்டும் நான் யார்கிட்டயும் விட மாட்டேன் மேடம், நானே வந்துடறேன்" என்றார். கேண்டிட் என்றால் போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது. கொட்டேஷனும் கொடுத்தார்: கேண்டிட் போட்டோ, ட்ரெடிஷனல் போட்டோ (வழக்கம்போல் நிற்க வைத்து எடுப்பது), இரண்டு வீடியோ, ட்ரோன், மண்டபத்தில் எல்இடி ஸ்கிரீன், 40 ஷீட்டில் இரண்டு ஆல்பம், ஒரு பெரிய ஃப்ரேம். புக்கிங்குக்கு 20,000, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் 40,000, ரிசப்ஷன் அன்று 50,000, ஆல்பம் வந்ததும் மீதி 30,000. இதுவரை எல்லாமே வழக்கமான நடைமுறைதான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் நிறைய வீடுகளில் வைக்க மாட்டார்கள். நடுவில் இருக்கும் ஆவணியில், அதுவும் வளர்பிறை முகூர்த்தம் என்று பார்த்தால் கைவிரலில் எண்ணிவிடலாம். ஊரில் உள்ள மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரக் கச்சேரி எல்லாவற்றுக்கும் அந்தச் சில நாட்களில்தான் அடிதடி. சமையல்காரர் ஒரே நாளில் நான்கு கல்யாணம் எடுத்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும். போட்டோகிராபர் எடுத்தால் உடனே தெரியாது. எங்கள் முகூர்த்தத்தன்று அந்த ஸ்டூடியோ இன்னும் மூன்று கல்யாணங்களுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தது பிறகுதான் தெரிய வந்தது.

ரிசப்ஷனுக்கு உரிமையாளர் வந்தார். முதல் அரை மணி நேரம் மேடைக்கு முன்னால் சுறுசுறுப்பாக நின்றார். அப்புறம் அப்பாவைத் தனியாக ஓரம் கட்டி, "ஐம்பது வந்துட்டா டீமை ஃப்ரீயா விட்டுடுவேன் சார்" என்றார். விருந்தாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், சம்பந்தி பக்கத்திலேயே இருக்கிறார். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணின் அப்பா பேரம் பேசுவார்? கவரைக் கொடுத்துவிட்டார். அதோடு அவரைப் பார்த்ததுதான். எல்இடி ஸ்கிரீன் வரவேயில்லை. "லோடு வண்டி வழியில மாட்டிக்கிச்சு" என்றார்கள்.

மறுநாள் விடியற்காலை மண்டபத்துக்கு வந்த நால்வரும் ஒருவரையொருவர் வாசலில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். கைகுலுக்கி, எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டதை நானே பார்த்தேன். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கேண்டிட் தம்பி என்னிடம் வந்து, "அக்கா, மாப்பிள்ளையோட அம்மா யாருக்கா? நாத்தனார் முடிச்சுக்கு யார் நிப்பாங்க?" என்று கேட்டான். அவன் மேல் குற்றமில்லை. முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் "திருச்சி, கேண்டிட் ஒருத்தர் அவசரம்" என்ற செய்தியைப் பார்த்து விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன் அவன். முதல் நாள் ரிசப்ஷனில் கேண்டிட் எடுத்தவன் அன்று வேறு மண்டபத்தில் இருந்தான்.

ஒரு வாரத்தில் டீசர் வந்தது. ட்ரோன் காட்சி, மெதுவாகச் சிரிக்கும் தங்கை, பின்னணியில் இசை. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதற்கப்புறம் மாதக்கணக்கில் அமைதி. செலக்‌ஷனுக்கு (ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுக்க) லிங்க் கேட்டால் எடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார், எடிட்டர் வேலையை விட்டுவிட்டார், ஹார்ட் டிஸ்க் சர்வீஸில் இருக்கிறது, தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும். கடைசியில் வந்த லிங்க்கில் இருந்தது ரிசப்ஷனில் எடுத்த ட்ரெடிஷனல் படங்கள் மட்டும். வரிசையில் நின்று கிஃப்ட் கொடுத்துவிட்டு இறங்குபவர்களின் படங்கள். முகூர்த்தம் மொத்தமாகக் காணோம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. எங்களுக்கே கிடைக்காத முகூர்த்தப் படம் ஒன்று அவர்களுடைய இன்ஸ்டாகிராமில் இருந்தது. என் தங்கை தலைகுனிந்து மாலையோடு நிற்கிறாள், மேலே "தை புக்கிங் ஓப்பன்" என்று எழுதியிருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டியதும் உரிமையாளர் படத்தை எடுத்துவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

கல்யாணத்தன்று கேண்டிட் தம்பி எங்கள் சித்தி மகனோடு இன்ஸ்டாகிராமில் நட்பாகியிருந்தான். அந்த வழியாகத்தான் அவனைப் பிடித்தோம். "டேட்டா எங்கிட்டதான் இருக்குக்கா. அண்ணன் எனக்குப் பேமென்ட் செட்டில் பண்ணல, அதான் கொடுக்கல" என்றான். கல்யாணத்தன்று இரவே உரிமையாளர் பத்துப் பதினைந்து படங்களை மட்டும் போனில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, மீதியைச் சம்பளம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். அந்தச் சம்பளம் வரவேயில்லை. இதற்கு முந்தின இரண்டு கல்யாணங்களுக்கும் பாக்கியாம்.

அவனோடு நிறைய நேரம் பேசினேன். கேமரா இஎம்ஐயில் வாங்கியது. லென்ஸ் தினவாடகைக்கு எடுப்பது. வாடகை அவன் கையிலிருந்து அன்றே போய்விடும், கூலி எப்போது வரும் என்று தெரியாது. கேட்டால், "பார்ட்டி இன்னும் பேலன்ஸ் தரல" என்பதுதான் எப்போதும் பதில். நாங்கள் பேலன்ஸ் தராததற்குக் காரணம் ஆல்பம் வராதது. ஆல்பம் வராததற்குக் காரணம் டேட்டா அவன் கையில் இருப்பது. டேட்டா அவன் கையில் இருப்பதற்குக் காரணம் அவனுக்குக் கூலி வராதது. நடுவில் எங்கள் 1,10,000 ரூபாயோடு ஒருவர் நிம்மதியாக அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார். பழைய பார்ட்டியின் வேலையை முடிக்கப் புது பார்ட்டியின் அட்வான்ஸ் வேண்டும் என்ற நிலைக்கு ஒரு ஸ்டூடியோ வந்துவிட்டால் அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் நேரத்துக்கு வராது.

அவனுக்கு வரவேண்டிய கூலியை நாங்களே கொடுத்தோம். இரண்டாவது தடவை கொடுத்த பணம்தான். மாமா ஒருவர் "பிளாக்மெயில்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் அழித்திருந்தால் யாரும் அவனை எதுவும் கேட்டிருக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கை நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். படங்கள் அருமையாக இருந்தன, அதையும் சொல்ல வேண்டும்.

வீடியோவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கேண்டிட் வீடியோ எடுத்த பையன் சில வாரம் காத்திருந்துவிட்டு, அடுத்த ஆர்டருக்குக் கார்டு வேண்டும் என்று ஃபார்மட் செய்துவிட்டானாம். ட்ரெடிஷனல் வீடியோ ஸ்டூடியோவிடம் இருந்தது. ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதை போட எழுந்த கூட்டத்தில் அந்தக் கேமராவில் தெரிவது பெரியப்பாவின் முதுகு. அமெரிக்காவில் இருக்கும் அத்தைக்காகச் சித்தி மகன் போனில் யூடியூப் லைவ் போட்டிருந்தான். மூன்று முடிச்சும் தெளிவாக இருப்பது அதில் மட்டும்தான். நடுவில் ஒருமுறை நெட் நின்று வருகிறது.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ஆல்பம் ஒன்று வந்தது. இரண்டு என்று பேசியது, வந்தது ஒன்று. அம்மா புரட்டிக்கொண்டே வந்தவர் மெட்டி போடும் பக்கத்தில் நின்றுவிட்டார். "இது நம்ம பிள்ளை காலே இல்லையே." உண்மைதான். மருதாணி வேறு, கொலுசு வேறு, புடவைக் கரை வேறு. தங்களிடம் மெட்டி படம் இல்லாததால் வேறு யாரோ ஒரு பெண்ணின் காலை வைத்து டிசைன் செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ஆல்பத்தில் யார் கால் இருக்கிறதோ!

போலீஸில் கொடுத்தோம். சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கியதற்கான ரசீது) கொடுத்துவிட்டு, இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தோம்; ஸ்டூடியோ பதிலே சொல்லவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இது பலருக்குத் தெரியாமல் இருக்கிறது: 2019ஆம் ஆண்டு சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணமே கிடையாது. பிரச்சினை ஏற்பட்டு 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பொங்கல், தீபாவளி என்று இழுப்பவர்களை நம்பிக்கொண்டே இருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, நாங்கள் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. "போட்டோ எடுத்தது நாங்கள், காப்பிரைட் எங்களுடையது, ரா ஃபைல் தர மாட்டோம்" என்று மிரட்டுவார்கள். ரா ஃபைல் என்றால் எடிட் செய்யாத அசல் படம். பணம் கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லா உரிமையும் ஸ்டூடியோவுக்கே என்று இருந்து, கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறிவிடும். எடிட் செய்யாத படம் வெளியே போனால் பெயர் கெடும் என்று நல்ல போட்டோகிராபர்களும் ரா தரத் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம். பேக்கப்புக்காக மட்டும், எங்கும் பகிர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் பலர் சம்மதிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் செய்ய வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: டீம் மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்னால் எல்லாக் கார்டுகளும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இறங்க வேண்டும். வீடியோ 4கேயில் எடுத்தால் இரண்டு நாளுக்கு நானூறு ஐந்நூறு ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். எனவே 2 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பியையோ மச்சானையோ லேப்டாப்போடு அந்த வேலைக்கே உட்கார வைத்துவிடுங்கள். பந்தி பரிமாற ஆள் கிடைப்பார்கள், இதற்கு ஆள் ஒதுக்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைக் கொட்டேஷனில் எழுதச் சொல்ல வேண்டும். முகம் மாறினால் அங்கேயே தெரிந்துவிடும். எடுக்க வரப்போகிறவர் யார், அவரே எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தின் படங்கள் எங்கே என்றும் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் இருக்கும் ஒன்பது படங்கள் ஒன்பது பேர் எடுத்தவையாக இருக்கலாம்.

பணத்தை ஜிபேயில் போடுங்கள். ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால், "50,000 பெற்றுக்கொண்டேன்" என்று அங்கேயே வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். அப்பா கொடுத்த கவருக்கு அப்படி ஒரு வரி இருந்ததால்தான் அந்தத் தொகையையும் வழக்கில் சேர்க்க முடிந்தது.

நுகர்வோர் வழக்கில் எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், அதற்கு மேல் ஆணையம் அனுமதித்தால் அதிகபட்சம் 15 நாள். உரிமையாளர் கெடுவின் கடைசிக் கட்டத்தில்தான் பதில் போட்டார். முகூர்த்தத்தன்று வந்தவர்கள் தன் ஸ்டூடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாட்கள், அவர்கள் செய்ததற்குத் தான் பொறுப்பில்லை என்கிறார். அன்று காலை 4.50க்கு அவர் எண்ணிலிருந்து எனக்கு வந்த வாட்ஸ்அப்பை ஆவணமாகச் சேர்த்திருக்கிறோம்: "நம்ம டீம் மண்டபத்துக்கு வந்தாச்சு மேடம், எல்லாரும் நம்ம பசங்கதான், நீங்க டென்ஷன் ஆகாதீங்க."