லோகோ டிசைன்ல 300 டாலர் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

இன்னிக்கு காலைலதான் கடைசி பதில் வந்துச்சு, பணம் திரும்ப வராதாம். ஆத்திரம் அடங்கல, அதான் உடனே டைப் பண்றேன். ஃப்ரீலான்சர்ஸ் வேலை எடுக்குற ஒரு ஆன்லைன் தளம், பேரு வேணாம். நான் புதுசா ஆரம்பிச்ச சின்ன தொழிலுக்கு லோகோ, 300 டாலர், முழுசும் முன்னாடியே கட்டிட்டேன்.

லோகோல இத்தன வகை இருக்குன்னே அப்ப எனக்குத் தெரியாது. அந்த டிசைனர் போன்ல அவ்ளோ பொறுமையா பேசினாரு. "ஸ்டார்பக்ஸ் பாருங்க, வட்டத்துக்குள்ள உருவம், எம்ப்ளம்னு பேரு, உங்களுக்கும் அப்டியே பண்ணலாம், பெரிய கம்பெனி லுக் வந்துரும்"னாரு. தொழில் எப்டி ஆரம்பிச்சீங்கன்னு கேட்டாரு, எங்கம்மா பட்ட கஷ்டம் வரைக்கும் சொன்னேன், எல்லாத்தையும் குறிச்சிக்கிறேன்னாரு. அங்கதான் முழுசா நம்பிட்டேன். போர்டுலயும் பைலயும் ஒட்டின மாதிரி காட்டுற மாக்கப் படம் அனுப்பினாரு, அழகா இருந்துச்சு, அப்ரூவ் அமுக்கிட்டேன்.

ப்ரொஃபைல் படமா வச்சா வட்டத்த சுத்தி இருக்குற பேருல ஒரு எழுத்து கூட படிக்க முடியல. எம்ப்ளம்ல இதான் சிக்கல், சின்னதாக்கினா எல்லாம் அப்பிக்கும். ஸ்டார்பக்ஸே 2011ல பேர எடுத்துட்டு உருவத்த மட்டும் வச்சாங்க, ஆனா அவங்கள உலகத்துக்கே தெரியும், ஆப்பிள் நைக் எல்லாம் வெறும் உருவத்தோட நிக்கிறதும் அதனாலதான். யாருக்கும் தெரியாத புதுப் பேருக்கு கூகுள் மாதிரி எழுத்தே லோகோவா இருக்குற வேர்ட்மார்க், இல்லன்னா உருவமும் பேரும் சேர்ந்த காம்பினேஷன்தான் சரி, காம்பினேஷன்னா வேணும்ங்கிறப்ப ரெண்டையும் பிரிச்சுக்கலாம். பேரு ரொம்ப நீளம்னா ஐபிஎம் மாதிரி முதல் எழுத்துங்க. 300 டாலர் வாங்கினவரு இத சொல்லிருக்க வேணாமா?

போர்டு அடிக்கிறவரு வெக்டர் ஃபைல் கேட்டாரு, அதாவது எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாத ஃபைல். டிசைனர் வெக்டர்னு அனுப்பின எஸ்விஜி ஃபைல திறந்தா உள்ள போட்டோ மாதிரி ஒரு சாதா ஜேபெக் படத்த அப்டியே ஒட்டி வச்சிருக்கு, பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையுது. கேட்டா முதல்ல "உங்க சாஃப்ட்வேர் ப்ராப்ளம்", அப்புறம் "நான் ஊர்ல இல்ல", அப்புறம் "வெக்டர் தனி பேக்கேஜ்". சந்தேகம் வந்து, அதே படம் நெட்ல வேற எங்க இருக்குன்னு தேடுற ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டேன், வயிறு எரிஞ்சிருச்சு. டெம்ப்ளேட் விக்கிற இடத்துல அதே வட்டம், அதே இலை, பேரு மட்டும் வேற. எங்கம்மா கதைய கேட்டது அத்தனையும் நடிப்பு. அதே படத்த இன்னும் எத்தன பேரு வச்சிருக்காங்களோ, நாளைக்கு ட்ரேட்மார்க்னு போனா நான் என்னன்னு சொல்லுவேன்?

தளத்தோட சப்போர்ட்டுக்கு மூணு தடவ எழுதினேன். மூணு தடவையும் ஒரே வரி, "நீங்க அப்ரூவ் பண்ணிட்டீங்க, ஆர்டர் முடிஞ்சது". 300 டாலர்!

ஒவ்வொரு வகையையும் விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு வரல. அப்ரூவ் அமுக்குறதுக்கு முன்னாடி லோகோவ நகம் சைஸுக்கு சுருக்கிப் பாருங்க, கறுப்பு வெள்ளைலயும் பாருங்க. வெக்டர் ஃபைல திறந்து பெருசாக்கிப் பாருங்க. ரிவர்ஸ் சர்ச் கட்டாயம். மாக்கப்ப பாத்து மயங்காதீங்க.

அந்தாளு ப்ரொஃபைல்ல இப்பவும் அஞ்சு ஸ்டார், சாம்பிள்ல மொத படமே என் லோகோதான்.