கேரவனுக்கு எந்த டிராக்கர்: ஏர்டேக்கா, சிம் கருவியா, சந்தா கட்டும் எஸ்7-ஆ?

கேரவன் என்றதும் நம்மாட்களுக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் ஏசி வண்டிதான் கண்முன் வரும். நான் சொல்வது அது இல்லை. இங்கே பிரிட்டனில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அதுவே சொந்த இன்ஜினோடு ஓடினால் மோட்டர்ஹோம். இரண்டும் வருடத்தில் பெரும்பாலான நாள் வீட்டு வாசலிலோ ஏதோ ஒரு பண்ணையிலோ சும்மாதான் நிற்கும், இரண்டும் களவு போகும். ஆனால் போகிற விதம் வேறு, அதனால் வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் கருவியும் வேறு.

மோட்டர்ஹோமுக்கு டிவிஎல்ஏ (இங்குள்ள அரசு வாகனப் பதிவு அலுவலகம்) பதிவு உண்டு, சொந்த நம்பர் பிளேட் உண்டு, சாலைக் கேமராவில் அது விழும். கேரவனுக்கு அந்தப் பதிவே கிடையாது. எந்தக் கார் இழுக்கிறதோ அதன் நம்பரைப் பின்னால் மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். திருடனும் அதையேதான் செய்கிறான்: வந்தான், கொக்கியை மாட்டினான், தன் நம்பரை ஒட்டினான், அவ்வளவுதான், மோட்டர்வேயில் பார்ப்பவர்களுக்கு அது பிள்ளைகுட்டிகளோடு லீவுக்குப் போகிற குடும்பம். 1992 முதல் கிரிஸ் என்று ஒரு பதிவேடு இருக்கிறது, கேரவனின் 17 இலக்க அடையாள எண்ணை ஜன்னல்களிலேயே பொறித்து வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் வாங்குகிறவர் அந்த எண்ணைச் சரிபார்த்தால்தான் அது வேலைக்கு ஆகும். விலை மலிவாகக் கிடைக்கும்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

சரி, டிராக்கருக்கு வருவோம். லீட்ஸில் இருக்கும் நண்பன் ஒருவன் போன வசந்தத்தில் என்னிடம் சொன்னது: "அண்ணே, முப்பது பவுண்டுல முடியிற வேலைக்கு எதுக்கு வருசா வருசம் சந்தா கட்றீங்க?" ஆப்பிள் விற்கும் பட்டன் சைஸ் ஏர்டேக்கைத்தான் சொன்னான். 2021-ல் வந்தபோது அதன் விலை 29 பவுண்ட், சந்தா கிடையாது, ஒரு பட்டன் பேட்டரியில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். இதில் ஜிபிஎஸ் கிடையாது, சிம்மும் கிடையாது. பக்கத்தில் யாருடைய ஐபோனாவது போனால் அதன் வழியாகத் தன் இடத்தைச் சொல்லும். ஊருக்குள் இது பிரமாதமாக வேலை செய்கிறது, நானே பார்த்து அசந்திருக்கிறேன். பண்ணையில், ஆள் நடமாட்டம் இல்லாத கொட்டகையில் வண்டி நின்றால் நாள் கணக்கில் ஒரு தகவலும் வராது.

அதைவிடப் பெரிய ஓட்டை இரண்டு. முதலாவது, வண்டி நகர்ந்துவிட்டது என்று ஏர்டேக் உங்களை எழுப்பாது. நீங்கள் பொருளை விட்டுவிட்டுப் போனால் சொல்லுமே தவிர, பொருள் உங்களை விட்டுப் போனால் சொல்லாது. நீங்களாக ஆப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும், அது ஒரு வாரம் கழித்தும் இருக்கலாம். இரண்டாவது இன்னும் வேடிக்கை: அது திருடனுக்குச் சொல்லிவிடும். பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்க இந்த மாதிரிப் பொருள்களைச் சிலர் பயன்படுத்தியதால், தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று போனில் எச்சரிக்கை வரும்படி செய்திருக்கிறார்கள். ஐபோனில் மட்டும் இல்லை, 2023 முதல் ஆண்ட்ராய்டு போனிலும் அந்த எச்சரிக்கை வருகிறது. திருடன் ஒரு பட்டனைத் தொட்டால் டேக் கீச்சென்று கத்தி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த எச்சரிக்கை தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது மனிதர்களைக் காப்பாற்ற வைத்தது. ஆனால் நம் வண்டியைப் பொறுத்தவரை, காவலுக்கு வைத்தவனே கள்ளனைக் கூப்பிட்டு விளக்கைக் காட்டுகிற கதைதான். சாம்சங்கின் ஸ்மார்ட்டேக் 2 பேட்டரி 500 நாள் வரை வரும் என்கிறார்கள், மற்றபடி பாடு ஒன்றுதான்.

அடுத்தது, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிம் போட்ட ஜிபிஎஸ் கருவிகள். காந்தத்தோடு வரும், பேட்டரியிலும் ஓடும், 12 வோல்ட் கம்பியிலும் சேர்க்கலாம். எல்லை போட்டு வைத்தால், வண்டி அதைத் தாண்டியதும் போனுக்குச் செய்தி வரும். ஏர்டேக்கில் இல்லாத அந்த ஒன்று இதில் இருக்கிறது. ஆனால் ராத்திரி 3 மணிக்குச் செய்தி வந்தால் எழுந்து பார்ப்பது யார்? நீங்கள்தான். போன் சைலன்ட்டில் இருந்தால் யாரும் இல்லை. இன்னொன்று, பழைய ஸ்டாக்கை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் 3ஜி அலைவரிசையை நிறுவனங்கள் 2024, 2025-ல் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டன. 2ஜி-யும் 2033-க்குள் போய்விடும். 4ஜி என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி சந்தா கட்டுகிற ரகம். இங்கே காப்பீட்டுக்காரர்கள் நம்புவது, வண்டிப் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் தாட்சம் ரிசர்ச் என்ற அமைப்பு கொடுக்கும் தரச் சான்றை. 2019 முதல் அதில் எஸ்5, எஸ்7 என்று இரண்டு வகை. இரண்டுக்கும் பின்னால் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையம் உண்டு. எஸ்7 என்றால் வண்டி அனுமதியில்லாமல் நகர்ந்தால், யாராவது பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினால், மையத்துக்குத் தெரியும், அவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். எஸ்5-ல் கூடுதலாக ஓட்டுநரை அடையாளம் காணும் சின்ன டேக் ஒன்று வரும், அதைச் சாவியோடு சேர்த்துக் கோக்காமல் தனியாகப் பாக்கெட்டில் வைத்திருக்க வேண்டும். டேக் இல்லாமல் வண்டி கிளம்பினால், சாவியோடே கிளம்பினாலும், அலாரம்தான். சில எஸ்5 கருவிகளில் இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தொலைவிலிருந்தே தடுக்கும் வசதியும் உண்டு.

கடைகளில் குழப்புவது இங்கேதான். கேரவனில் இன்ஜின் இல்லை, சாவி போட்டு ஓட்ட ஆளும் இல்லை, அப்புறம் எஸ்5 எதற்கு? எஸ்7 போதும். மோட்டர்ஹோமுக்கு, அதுவும் ஐரோப்பாவில் ஏராளமான மோட்டர்ஹோம் உட்கார்ந்திருக்கிற அந்த ஃபியட் டுகாட்டோ மாதிரி வேனில் கட்டியதாக இருந்தால், கூடுதல் காசு போனாலும் எஸ்5 வாங்குங்கள். சாவியை நகல் எடுப்பவனுக்கும் வீட்டுக்குள் புகுந்து சாவியையே தூக்குபவனுக்கும் வேறு பதில் இல்லை. சந்தா, கருவியைப் பொறுத்து ஆண்டுக்கு நூறிலிருந்து இருநூறு பவுண்ட் வரை ஆகும். புதுப்பிக்க மறந்தால் பெட்டி வெறும் பெட்டி, டிராக்கர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்த காப்பீடும் சிக்கலாகும்.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு ஆகஸ்ட் காலையில் கார்ன்வால் போகிறோம், ஏ303-ல், ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் எல்லாரும் கல்லைப் பார்க்க மெதுவாக உருளும் அந்த நெரிசலில், போன் அடிக்கிறது. "உங்கள் கேரவன் நகர்கிறது, உங்களுக்குத் தெரியுமா?" கிளம்பும்போது பயண மோடுக்கு மாற்ற மறந்துவிட்டேன். ரகசியச் சொல்லைக் கேட்டார்கள், எனக்கு அதுவும் மறந்துவிட்டது, பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள். மானம் போனது. ஆனால் அந்தக் கால் வந்த வேகத்தைப் பார்த்த பிறகு சந்தாவைப் பற்றி நான் முணுமுணுப்பதில்லை.

வண்டி நிஜமாகவே போனால், போலீஸில் புகார் செய்து குற்ற எண் வாங்கி மையத்துக்குக் கொடுக்க வேண்டும். கண்ணெதிரே நடந்தால் 999, போய்விட்ட பிறகு தெரிந்தால் 101. அதன்பின் மையமும் போலீஸும் நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். ஏர்டேக் புள்ளியைப் போனில் காட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். புள்ளி காட்டுகிற இடத்துக்குத் தனியாகப் போகிற வீரத்தை யாரும் செய்ய வேண்டாம்.

இனி ஜாமர், அதாவது அலைகளை முடக்கும் கருவி. அதைப் பயன்படுத்துவது இங்கே குற்றம், திருடனுக்கு அதைப் பற்றி என்ன கவலை? ஜிபிஎஸ்ஸையும் போன் அலையையும் சேர்த்து மூடிவிடுவான். இதற்கு ஜிபிஎஸ்ஸையும் போன் அலையையும் நம்பாமல் தனி ரேடியோ அலை அனுப்பும் விஎச்எஃப் டிராக்கர் நல்ல பதில். அதன் அலையைக் காரிலோ ஹெலிகாப்டரிலோ உள்ள ரிசீவர் மோப்பம் பிடித்துப் போகும், கன்டெய்னருக்குள்ளோ தரைக்குக் கீழுள்ள பார்க்கிங்கிலோ வைத்தாலும் பெரும்பாலும் தப்ப முடியாது. சரியாக எந்தத் தெரு, எந்த ஷெட் என்று அது கொண்டுபோய் நிறுத்தும், ஜிபிஎஸ் சில சமயம் பக்கத்து வீட்டைக் காட்டும். இன்னொரு பதில், தூங்கும் டிராக்கர். சொந்த பேட்டரியில் வருடக்கணக்கில் கிடக்கும், நாளுக்கு ஓரிரு முறை மட்டும் விழித்து இடத்தைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். அலை தேடும் கருவியோடு வருகிறவனுக்கு அது தூங்கும் நேரத்தில் அகப்படாது. தாமதம்தானே என்று தோன்றும். ஆனால் தொழில்முறைத் திருடர்கள் வண்டியைத் தூக்கியதும் எங்காவது சாதாரணத் தெருவிலோ சாலையோரத்திலோ ஓரிரு நாள் ஆறப் போடுவார்கள், டிராக்கர் இருந்து போலீஸ் வருகிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பார்கள். ஆறப் போட்ட வண்டியைப் பிடிக்க நாளுக்கு ஒரு தகவல் போதும்.

யாரும் எழுதாத ஒன்று பேட்டரி. என் கேரவனில் எல்லாம் அணைத்த பிறகும் அலாரம், டிராக்கர், கன்ட்ரோல் பெட்டி மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் இழுத்தன, மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாளுக்கு ஒரு ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் நோகாமல் எடுக்கலாம், ஆக 50 நாள். அக்டோபர் கடைசியில் மூடி வைத்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே காலி. கூரையில் சோலார் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். மழைக்கு மேலே போட்ட கவர் சோலாரையும் சேர்த்து மூடியிருந்தது, அது எனக்கு உறைக்க ஒரு குளிர்காலம் ஆனது. டிராக்கருக்குள் சொந்த பேட்டரி இருந்தாலும் அது சில நாள்தான் தாங்கும்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டிராக்கரே வாங்காதீர்கள், சக்கரப் பூட்டு வாங்குங்கள். ஆல்-கோ செக்யூர் மாதிரி, அச்சோடு இணைந்த, பூட்டுகளைச் சோதிக்கும் சோல்ட் செக்யூர் அமைப்பின் டயமண்ட் சான்று உள்ளது. சக்கரத்தின் ஓட்டை அச்சில் பூட்டு மாட்டும் இடத்துக்குச் சரியாக நேரே வரும்வரை வண்டியை அங்குலம் அங்குலமாக உருட்டி, மழையில் மண்டியிட்டு மாட்டும்போது வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனால் அதைக் கழற்றத் திருடனுக்குச் சத்தமும் நேரமும் ஆகும், அவனுக்குக் கட்டுப்படியாகாதது அது இரண்டும்தான். என்னுடையதில் சக்கரப் பூட்டு, விஎச்எஃப் உள்ள எஸ்7, கூடவே ஒரு ஏர்டேக். அலுமினியச் சுவரைத் தாண்டி அலை சரியாக வராது என்பதால் ஏர்டேக்கை ஜன்னலை ஒட்டி வைத்திருக்கிறேன், வண்டியில் டேக் இருக்கிறது என்று எச்சரிக்கை பார்த்தவன் அதைப் பிடுங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் போகட்டும்.

டிராக்கர் இருக்கிறது என்ற ஸ்டிக்கரை ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேடச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்பார்கள் சிலர். நான் ஒட்டியிருக்கிறேன், எந்தக் கம்பெனி என்று அச்சடித்திருந்த கீழ்ப்பாதியைக் கத்தரித்துவிட்டு.