ரோட்டாக்ஸ் 912-க்கு இரண்டாவது சைலன்சர்: 600 மணி நேரம் ஓடிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வர்ஜீனியா ஓடுதளத்துக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வீடுகள். வீட்டில் கட்டிய விமானத்தை அங்கே வைத்திருப்பவர் வாலைக் கவனிக்கிறாரோ இல்லையோ, சத்தத்தைக் கவனித்தே ஆகவேண்டும். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் என்ற சிறு விமான எஞ்சினில் வழக்கமாக மாட்டும் சைலன்சர் டப்பா மோசமில்லை, ஆனால் போதாது. அதன் வால்குழாயில் இன்னொரு சைலன்சரைத் தொடுப்பது நல்ல வழி. எந்த வகை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கண்ணாடிப் பஞ்சு அடைத்த வகை முதல் மாதம் அருமையாக இருக்கும். பிறகு சூட்டிலும் அதிர்விலும் பஞ்சு பொடிந்து, நடுவில் ஓடும் துளையிட்ட குழாய் வழியே புகையோடு போய்விடும். வருடாந்திரப் பரிசோதனையில் கழற்றித் தராசில் வையுங்கள். எடை குறைந்திருந்தால் பஞ்சு போயாயிற்று. மேலும் பஞ்சு விழுங்குவது கீச்சு ஒலியை மட்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் நொடிக்கு 167 முறை வெடிக்கிறது. தெருக்கோடி வரை கேட்பது அந்தத் தடித்த ஒலிதான்.

அதற்கு வெற்று அறைதான் மருந்து. 45 மி.மீ. குழாய், 125 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. நீளமும் உள்ள உருளைக்குள் திறக்கட்டும். கொள்ளளவு சுமார் 5 லிட்டர். 600 டிகிரிப் புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 580 மீட்டர் ஓடும் என்று வைத்தால், 167 ஹெர்ட்ஸில் கணக்குப்படி எட்டு ஒன்பது டெசிபெல் குறையும். ஆனால் இதே அறை 720 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையும் தடுக்காது. ஊளை மாதிரி ஒரு சத்தம் அப்படியே வெளியே வரும். உள்வரும் குழாயை அறையின் பாதி வரை (200 மி.மீ.), வெளிக்குழாயை உள்ளே கால் பங்கு (100 மி.மீ.) நீட்டினால் அந்த ஓட்டை அடைபடும். சும்மா விளிம்போடு வெட்டி வெல்டிங் செய்தவர்கள்தான் ஊளையைப் பற்றிப் புலம்புகிறார்கள்.

தகடு 1 மி.மீ., 321 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு. 304 ரகம் மலிவு, ஆனால் அந்தச் சூட்டில் வெல்டிங் ஓரத்தில் கார்பைடு படிந்து அங்கேயே விரிசல் விடும். டிக் (TIG) வெல்டிங்கின்போது உட்புறமும் ஆர்கான் வாயு ஓடவேண்டும். ஓடாவிட்டால் உள்ளே சர்க்கரை படிந்தாற்போல் சொரசொரப்பு வரும், விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

இதன் எடை இரண்டு கிலோவைத் தொடும். அதை வால்குழாயில் அப்படியே தொங்கவிட்டால் முதல் டப்பாவின் கழுத்து முறியும். இணைப்பு பந்துமூட்டாக, ஸ்பிரிங்கோடு இருக்கட்டும். மூட்டில் செம்புப் பேஸ்ட். பின்முனைத் தாங்கியை எஞ்சினிலேயே பொருத்துங்கள், விமானச் சட்டத்தில் அல்ல. எஞ்சின் ரப்பரில் ஆடுகிறது, சட்டம் ஆடாது. நடுவில் மாட்டியது கிழியும். ஸ்பிரிங்குகள் உடையத்தான் செய்யும். உள்ளே பாதுகாப்புக் கம்பி ஓட்டி, மேலே சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கான் ஒரு கோடு தடவினால், உடைந்த துண்டு ப்ரொப்பெல்லருக்குப் போகாது.

கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் உள்ளே நீர் கட்டி அமிலமாகும். அறையின் அடிப்புள்ளியில் 3 மி.மீ. துளை ஒன்று போதும். பெரிதானால் அதுவே சீழ்க்கையடிக்கும்.

பொருத்தியபின், புகை வெளியேறத் தடைபட்டு எஞ்சின் பக்கம் ஏறும் பின்னழுத்தத்தை அளக்காமல் பறக்கவேண்டாம். முழு வேகத்தில் 0.2 பாருக்கு மேல் போகக்கூடாது. நீர்க்குழாயில் அளக்கப் பார்த்தால் இரண்டு மீட்டர் உயரம் வேண்டும், சின்ன டயல் மீட்டரே சௌகரியம். புகைச் சூட்டையும் மாற்றத்துக்கு முன், பின் ஒப்பிட்டு லாக்புக்கில் எழுதுங்கள். கேபின் சூட்டுக்கான உறை சைலன்சரைச் சுற்றியிருந்தால் கார்பன் மோனாக்சைடு மானி கட்டாயம். விரிசல் தேட, வேக்யூம் கிளீனரை எதிர்த்திசையில் வைத்துக் குழாய்க்குள் ஊதி, சோப்புநீர் தடவினால் மயிரிழை விரிசலும் நுரைக்கும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது ப்ரொப்பெல்லர் சத்தம். 1.73 மீட்டர் ப்ரொப்பெல்லர், 2.43 கியர் (எஞ்சின் 2.43 சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒன்று): எஞ்சின் 5800 சுற்றில் நுனி நொடிக்கு 216 மீட்டர், 5200-ல் 194. வீடுகளைத் தாண்டும்போது த்ராட்டிலை அந்த அளவுக்கு இழுத்தால், கீழே இருப்பவர் காதுக்கு இன்னொரு சைலன்சர் மாட்டினாற்போல்தான்.