நுண்பிளாஸ்டிக்கைத் தடுக்க எது தோது: மெம்ப்ரேனா, மணலா, டிஸ்க்கா?

ஆற்றில் கலந்துவிட்ட நுண்பிளாஸ்டிக்கை வலை போட்டு அரித்தெடுக்க முடியாது. கண்ணி 0.3 மி.மீ. என்று இறங்கினாலே பாசியும் சேறும் அப்பி அடைத்துக்கொள்ளும்; துணி இழையோ அதிலும் நீளவாக்கில் நழுவிவிடும். கழிவுநீர் வழியே வருவதை மடக்க ஏற்ற இடம் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசிக் கட்டம்தான்.

ஃபின்லாந்தில் 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை எண்ணிப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. நீக்கும் அளவு எம்பிஆரில் (நுண்ணுயிர்த் தொட்டியோடு மெம்ப்ரேன் எனும் நுண்துளைச் சவ்வு சேர்ந்த முறை) 99.9 சதவீதம், மணல் வடிகட்டியில் 97, காற்றுக்குமிழியால் மிதக்கவிடும் டேஃப் முறையில் 95, வட்டத் தட்டுகளில் பொருத்திய துணி வழியே வடிக்கும் டிஸ்க் ஃபில்டரில் 40 முதல் 98.5. இந்தச் சதவீதங்களை மட்டும் பார்த்து டெண்டர் எழுதாதீர்கள். எம்பிஆருக்குள் போனது முதல்நிலைத் தெளிவு (கனமானவை அடியில் படிவது) மட்டுமே முடிந்த நீர், லிட்டருக்கு 6.9 துகள். மணலுக்குப் போனது இரண்டாம்நிலையும் (நுண்ணுயிரால் சுத்திகரிப்பது) முடிந்த நீர், 0.7 துகள்தான். வெளியே வருவதை ஒப்பிடுங்கள்: எம்பிஆர் 0.005, மணல் 0.02, டேஃப் 0.1, டிஸ்க் 0.03 முதல் 0.3. தினம் 1 கோடி லிட்டர் விடும் நிலையத்துக்கு இது முறையே 50 ஆயிரம், 2 லட்சம், 10 லட்சம், 3 முதல் 30 லட்சம் துகள்.

எம்பிஆரின் துளை 0.4 மைக்ரான் அளவில் இருப்பதால் நீர் தெளிவாக வரும். ஆனால் முன்னால் 1 முதல் 2 மி.மீ. சல்லடை இல்லாவிட்டால் முடியும் நூலும் முறுக்கிக்கொண்டு மெம்ப்ரேனைச் சுற்றிக்கொள்ளும். காற்று ஊதும் மின்செலவு நாள் முழுக்க உண்டு. ஹைப்போகுளோரைட் எனும் குளோரின் கரைசலால் அவ்வப்போது கழுவவும் வேண்டும்.

டிஸ்க் ஃபில்டருக்கு இடம் குறைவாகப் போதும். அடைப்பு கூடும்போது உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவுவார்கள். அப்போதே துகள்கள் துணியைத் தாண்டிப் போகலாம்.

ஏற்கெனவே ஓடும் நிலையத்தில் சேர்க்க மணலைத்தான் சொல்வேன். ஃபின்லாந்தில் 1 மீட்டர் சரளை, அதோடு அரை மீட்டர் குவார்ட்ஸ் மணல். பழுது பார்ப்பதும் எளிது. பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுவதை, சரியாகச் செய்யாவிட்டால் மணல் உருண்டை கட்டி, நீர் ஒரே வழியில் பாய்ந்து தப்பிவிடும். பேக்வாஷ் நீரை நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்புங்கள். வாய்க்காலில் விட்டால் பிடித்ததெல்லாம் ஆற்றுக்கே போகும்.

நான்கிலும் பிளாஸ்டிக் அழிவதில்லை, கசடுக்கு இடம் மாறுகிறது. அந்தக் கசடை வயலுக்கு எருவாகக் கொடுத்தால் மழைநீரோடு மறுபடி வாய்க்காலுக்கு வரும். எந்த முறையை வாங்கினாலும், கசடை உலர்த்தி எரிக்கும் செலவையும் அதே மதிப்பீட்டில் சேருங்கள்.